மறைந்த பின்னும் கொடுத்த வணிகர்: வள்ளல் சீதக்காதி மரக்காயர்

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின்னர் நமது மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் என்னிடம் வந்து அமர்ந்தார். புளியங்குடி சந்தையில் எலுமிச்சை வாங்கி வெளியூருக்கு அனுப்புவது அவருடைய தொழில். அறுவடைக் காலத்தில் நெல்லும் வாங்கி வைத்து விற்பார். விதைத்தவனும் அவரல்லர், அறுத்தவனும் அவரல்லர். இடையில் நின்று வாங்கிய விலைக்கு மேல் விற்பது மட்டும்தான் அவர் செய்வது. இத்தகைய சம்பாத்தியம் மனத்துக்கு உறுத்தலாக இருக்கிறது என்றும், இது ஹலால்தானா என்றும் கேட்டார். மஸ்அலாவை அவருக்கு விளக்கிச் சொன்னேன். ஆனால், சட்டத்தை மட்டும் சொல்லி அனுப்பியது போதாது என்று பின்னர் தோன்றியது. அவருடைய கேள்விக்குத் தம் வாழ்க்கையையே விடையாகத் தந்த ஒருவர் நம் தமிழகத்திலேயே வாழ்ந்து மறைந்திருக்கிறார். அவர்தான் கீழக்கரை வள்ளல் சீதக்காதி மரக்காயர் அவர்கள்.

கொடைக்காக அவரை அறியாத தமிழர் இல்லை. இறந்த பிறகும் கொடுத்தவர் என்று பழமொழியே அவரைப் பற்றி வழங்கி வருகிறது. ஆயினும் அந்தக் கொடைக்கு வேண்டிய பொருள் எங்கிருந்து வந்தது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அவர் அரசரல்லர், ஜமீன்தாரும் அல்லர். ஓரிடத்தில் சரக்கை வாங்கி மற்றோர் இடத்தில் விற்ற வணிகர். எனவே வணிகராகவே அவரை இங்கு காண்போம்.

கடலை நம்பிய ஊர்

மன்னார் வளைகுடாவின் கரையில், இராமநாதபுரத்துக்குத் தெற்கே அமைந்திருப்பது கீழக்கரை. முத்துக்கும் சங்குக்கும் பெயர் பெற்ற கடல் அது. அங்கு வாழ்ந்த மரக்காயர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடல் வாணிபம் செய்து வந்தவர்கள். மரக்கலம் உடையவர் என்பதால் மரக்காயர் எனப் பெயர் வந்தது என்று பெரியோர் பலர் கூறுவர். அவர்கள் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றியவர்கள். அரபு மொழியையும் தமிழையும் ஒருங்கே பேணியவர்கள்.

அந்த மரபில், 17ஆம் நூற்றாண்டில் பிறந்தவர் செய்கு அப்துல் காதிர் மரக்காயர். இப்பெயரே மக்கள் நாவில் உருமாறிச் சீதக்காதி என்று ஆயிற்று. ஐரோப்பியக் கம்பெனிகளின் ஆவணங்களில் அவருடைய குடும்பப் பட்டமாகிய பெரியதம்பி என்னும் பெயரே காணப்படுகிறது. அக்காலத்தில் மறவர் நாட்டை ஆண்டவர் கிழவன் சேதுபதி எனப்படும் இரகுநாத சேதுபதி. 1670களில் ஆட்சிக்கு வந்து 1710 வரை அரசாண்ட அம்மன்னருக்கு நம் வள்ளல் நெருங்கிய நண்பராகவும் ஆலோசகராகவும் விளங்கினார். மன்னர் தமது பட்டப் பெயரையே அவருக்கு வழங்கிச் சிறப்பித்ததால் விஜயரகுநாத பெரியதம்பி மரக்காயர் என்று அவர் அழைக்கப்பட்டார். இராமநாதபுரத்தில் சேதுபதி கோட்டை எழுப்பியபோது வள்ளலின் உதவி அதில் பெரும் பங்கு வகித்தது என்றும் கூறுவர். சமயத்தால் வேறுபட்ட இருவர் ஒருவரையொருவர் நம்பி நாட்டை நடத்திய காலம் அது.

வாங்கி விற்ற வழி

அன்றைய கடல் வாணிபம் காற்றை நம்பியது. ஒரு பருவத்தின் காற்றில் கப்பல் போகும். எதிர்ப் பருவத்தின் காற்றில் திரும்பி வரும். இடைப்பட்ட மாதங்களில் சரக்குப் பண்டகசாலையில் காத்திருக்கும். தறியில் நெய்த துணி கிராமங்களில் கொள்முதல் செய்யப்பட்டு மலாக்கா, அச்சே, கெடா முதலிய கீழ்த்திசைத் துறைமுகங்களுக்குச் செல்லும். அங்கிருந்து மிளகும் தகரமும் வாசனைப் பொருள்களும் வரும். மன்னார் வளைகுடாவில் மூழ்கி எடுத்த சங்கு வளையல் அறுப்பதற்காக வங்காளத்துக்குப் போகும். இலங்கையிலிருந்து பாக்கு வரும். இங்கிருந்து அரிசியும் துணியும் இலங்கைக்குப் போகும்.

இதில் வணிகரின் உழைப்பு எது என்று கேட்கலாம். நெசவாளிக்குச் சுமத்ராவின் சந்தை தெரியாது. மிளகுக் கொடி வளர்த்தவருக்கு இராமநாதபுரத்துச் சமையலறை தெரியாது. இருவருக்கும் இடையில் கடல் கிடக்கிறது. அந்தக் கடலை முன்பணம் கொடுத்தும், கப்பல் கட்டியும், புயலுக்கும் கொள்ளைக்கும் துணிந்தும் கடப்பவரே வணிகர். கப்பல் மூழ்கினால் நட்டம் அவருடையது. நட்டத்தைத் தாங்குபவருக்கே இலாபம் உரியது என்பது நமது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. வட்டிக்காரருக்கும் வணிகருக்கும் உள்ள வேற்றுமை இங்கேதான் இருக்கிறது. வட்டிக்குக் கொடுத்தவர் கப்பல் மூழ்கினாலும் தம் பணத்தைக் கேட்பார். அல்லாஹு தஆலா வியாபாரத்தை ஆகுமாக்கி வட்டியைத் தடுத்ததன் நுட்பத்தை இதிலிருந்து நாம் உணரலாம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் அன்னை கதீஜா (ரலி) அவர்களின் சரக்கைச் சிரியா நாட்டுக்குக் கொண்டு சென்று விற்று வந்தவர்கள் அல்லவா!

வந்தேறிக் கம்பெனிகளின் நடுவே

சீதக்காதி அவர்கள் வாணிபம் செய்த காலம் எளிதான காலமன்று. 1658இல் டச்சுக்காரர்கள் போர்ச்சுக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியையும் நாகப்பட்டினத்தையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றியிருந்தார்கள். கீழக்கரைக்கு இருபுறமும், எதிர்க்கரையிலும் அவர்களே நின்றார்கள். அவர்கள் செய்த வாணிபம் வேறு வகையானது. சரக்கை வாங்கி விற்பதோடு அவர்கள் நிற்கவில்லை. தம்மைத் தவிர வேறெவரும் அதை வாங்கக் கூடாது என்று அரசர்களிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கினார்கள். தம் அனுமதிச் சீட்டு இல்லாத கப்பல்களைக் கடலிலேயே பிடித்தார்கள். கிராம்பின் விலை விழக் கூடாது என்பதற்காக மலுக்குத் தீவுகளில் ஆயிரக்கணக்கான கிராம்பு மரங்களை வெட்டிச் சாய்த்தவர்களும் அவர்களே. விளையும் பொருளை அழித்து விலையைக் காப்பாற்றியவர்கள்!

இத்தகையோருக்கு நடுவே கீழக்கரை மரக்காயர் ஒருவர் தம் கப்பல்களைச் சுயமாக ஓட்டியது அவர்களுக்குப் பெரும் இடைஞ்சலாயிற்று. டச்சு ஆவணங்கள் பெரியதம்பியைப் புகழவில்லை, குறைதான் கூறுகின்றன. தமக்கு வரவேண்டிய சரக்கை அவர் வாங்கிவிடுகிறார், மன்னரிடம் அவருக்குள்ள செல்வாக்கைத் தம் வாணிபத்துக்குப் பயன்படுத்துகிறார் என்பது அவர்களுடைய புகார். அவரையும் அவருடைய உறவினரையும் அரசுப் பொறுப்புகளிலிருந்து நீக்கும்படி சேதுபதியை அவர்கள் வற்புறுத்தவும் செய்தார்கள்.

மறுபுறம் ஆங்கிலேயர்கள் 1682இல் ஜாவாத் தீவின் பாண்டம் துறைமுகத்தை டச்சுக்காரர்களிடம் இழந்து, மிளகு கிடைக்காமல் தவித்தார்கள். சென்னைக் கோட்டையில் இருந்த ஆங்கிலக் கம்பெனியார் மிளகு வாங்குவதற்காகப் பெரியதம்பி மரக்காயரை நாடிக் கடிதத் தொடர்பு கொண்டார்கள். ஒருவர் விரட்ட, மற்றொருவர் அழைக்க, இருவருக்கும் அடிபணியாமல் விலை பேசும் வலிமை அவருக்கு இருந்தது.

இதனை நான் ஏன் விரிவாகக் கூறுகிறேன் என்றால், வள்ளல் என்றவுடன் கணக்குத் தெரியாத வெகுளி மனிதர் ஒருவரை நாம் கற்பனை செய்துகொள்கிறோம். அவர் அப்படிப்பட்டவர் அல்லர். கொள்முதல் விலை, விற்பனை விலை, காற்றின் பருவம், அரசரின் மனநிலை, அந்நியரின் சூழ்ச்சி அனைத்தையும் அறிந்த தேர்ந்த வியாபாரி. அவரை எதிர்த்தவர்களே அதற்குச் சாட்சி.

பஞ்சம் வந்த நாளில்

ஒரு வணிகரின் உள்ளத்தைச் சோதிக்கும் நாள், சரக்கு மலிந்த நாளன்று. சரக்கு அருகிய நாளாகும். அத்தகைய சோதனை சீதக்காதி அவர்களுக்கும் வந்தது. மழை பொய்த்தது. மறவர் சீமை கண்மாய்களை நம்பி வாழும் வறண்ட பூமி. கண்மாய் வற்றினால் நெல் இல்லை. அந்தப் பஞ்சத்தின் கொடுமையைப் படிக்காசுப் புலவர் பாடி வைத்திருக்கிறார். தராசின் ஒரு தட்டில் பொன்னும் மறு தட்டில் நெல்லும் நிகராக நின்று விலைபோன காலம் அது என்பது அவர் பாட்டின் கருத்து.

தம்மிடம் தானியம் வைத்திருந்த ஒருவருக்கு இதைவிடப் பெரிய வியாபார வாய்ப்பு உண்டா? கதவை இன்னும் சில நாட்கள் பூட்டி வைத்திருந்தால் போதும். ஒவ்வொரு நாளும் விலை தானாக ஏறும். சீதக்காதி அவர்கள் அந்தக் கதவைத் திறந்தார்கள். ஏழைகளுக்கு உணவளிப்பதைத் தம் பொறுப்பாக ஏற்றுக்கொண்டார்கள். சாதியும் சமயமும் கேட்கவில்லை. பாடியவரும் முஸ்லிம் அல்லர் என்பதைக் கவனியுங்கள். தொண்டைமண்டல சதகமும் தண்டலையார் சதகமும் இயற்றிய சைவப் புலவர் அவர். பசித்த ஊருக்குச் சோறிட்டவரைச் சமயம் கடந்து அவர் வாழ்த்தினார். தமிழ் மக்கள் மூன்று நூற்றாண்டுகளாக அந்த வாழ்த்தை மறக்கவில்லை.

மார்க்கச் சட்டமும் வள்ளலின் செயலும்

இங்கே ஒரு சட்ட நுணுக்கத்தை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். பதுக்கி வைப்பவர் பாவி என்பது நபிமொழியின் கருத்து. ஆனால் பொருளை வாங்கி வைப்பதெல்லாம் பதுக்கல் ஆகாது. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ஷாஃபிஈ மத்ஹபின் நிலையை விளக்குகிறார்கள். விலை ஏறியிருக்கும் காலத்தில் உணவுப் பொருளை வியாபாரத்துக்காக வாங்கி, உடனே விற்காமல், மேலும் விலை ஏறட்டும் என்று அடைத்து வைப்பதே தடுக்கப்பட்ட பதுக்கல். மலிவான காலத்தில் வாங்கி வைத்துப் பின்னர் விற்பதும், தம் சொந்த விளைச்சலைச் சேமித்து விற்பதும் அதில் சேரா. நமது பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில், ஊர் மக்களுக்குத் தீங்கு நேரும்படி உணவை அடைத்து வைப்பது வெறுக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது.

அப்படியானால் மலிந்த காலத்தில் வாங்கி வைத்த அரிசியைப் பஞ்ச காலத்தின் சந்தை விலைக்கு விற்க ஷாஃபிஈ வணிகர் ஒருவருக்குச் சட்டத்தில் இடம் உண்டு. அத்தகைய சலுகை இருந்த இடத்திலும் வள்ளல் அதைப் பயன்படுத்தவில்லை. சட்டம் ஒரு மனிதர் விழக் கூடாத எல்லையைக் காட்டுகிறது. அவர் எவ்வளவு உயரலாம் என்பதற்கு எல்லை வகுப்பதில்லை. ஃபத்வாவை முஃப்தி தருவார். அதற்கு மேற்பட்டதைத் தக்வாதான் தரும்.

இத்தகைய பண்பு அவருக்கு எங்கிருந்து வந்தது? காயல்பட்டினத்தில் 1632இல் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்து 1703இல் மறைந்த இமாம் சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களின் காலத்தவர் நம் வள்ளல். அரபுக் கவிதைகளாலும் மார்க்கக் கல்வியாலும் புகழ் பெற்ற அம்மேதையின் அறிவுரையும் நல்லுறவும் அவருக்குக் கிடைத்திருந்தன. பண்டகசாலையும் மத்ரஸாவும் ஒரே ஊரில் அடுத்தடுத்து இருந்தன. வியாபாரி ஆலிமிடம் கேட்டு நடந்தார். ஆலிம் வியாபாரியின் உலகத்தைப் புரிந்து பேசினார்.

தம் பெயரில்லாத காப்பியம்

வள்ளலின் கொடைகளில் மிகப் பெரியது எதுவென்று கேட்டால் சீறாப்புராணம் என்பேன். நமக்கு அருகிலுள்ள எட்டயபுரத்தில் அரசவைப் புலவராக விளங்கியவர் உமறுப்புலவர். கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்றவர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைத் தமிழில் காப்பியமாகப் பாடும்படி அவரைத் தூண்டி, ஆதரவளித்தவர் சீதக்காதி அவர்கள். பணி நிறைவுறும் முன்னரே வள்ளல் இவ்வுலகை விட்டுப் பிரிந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அதன் பின்னர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரக்காயர் அவர்கள் புலவரை ஆதரித்தார்கள். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்னும் மூன்று காண்டங்களில் 5027 பாடல்களோடு காப்பியம் உருவாயிற்று. 1842இல் அது அச்சிலும் வெளிவந்தது.

அக்காப்பியத்தினுள் பல இடங்களில் புகழப்படுபவர் அபுல் காசிம் மரக்காயர். முதலில் வித்திட்ட சீதக்காதியின் பெயர் அதில் இல்லை. விதைத்தவர் ஒருவர், அறுவடையில் பெயர் பெற்றவர் மற்றொருவர். ஒரு வியாபாரியின் கணக்கில் பார்த்தால் இது முதல் போட்டுக் கைக்கு வராத சரக்கு. மறுமையின் கணக்கிலோ, அந்தக் காப்பியம் ஓதப்படும் ஒவ்வொரு வீட்டிலும் அவருக்குரிய பங்கு எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் என்று நாம் ஆதரவு வைக்கிறோம்.

மறைந்த பின்னர்

அவர் மறைந்த செய்தி கேட்டுத் தமிழ்ப் புலவர்கள் இரங்கற் பாடல்கள் பாடிக் கலங்கினார்கள். அவரை நாடி வந்த புலவர் ஒருவர் அடக்கவிடத்தில் நின்று அழுதபோது, மோதிரம் அணிந்த கை வெளிப்பட்டு அதைக் கொடுத்தது என்று மக்கள் கதை கூறுவர். இறந்த பின்னும் கொடுத்தவர் என்ற பழமொழிக்கு அக்கதையே காரணமாகச் சொல்லப்படுகிறது. அது கதையாகவே இருக்கட்டும். மக்கள் ஏன் அப்படியொரு கதையைச் சொல்ல விரும்பினார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். அந்தக் கை மூடிக்கொண்டது என்பதை அவர்களால் நம்ப இயலவில்லை.

உண்மையில் அந்தக் கை மூடவும் இல்லை. ஒரு மனிதர் இறந்தால் அவருடைய செயல்கள் நின்றுவிடுகின்றன. நிலையான தர்மமும், பயன் தரும் கல்வியும், அவருக்காகத் துஆச் செய்யும் நல்ல பிள்ளையும் மட்டும் தொடர்கின்றன என்று நாயகம் (ஸல்) அவர்கள் போதித்திருக்கிறார்கள். கல்லால் கட்டப்பெற்ற கீழக்கரை ஜும்ஆப் பள்ளிவாசல் அவருடைய பெயரோடு இணைத்துப் போற்றப்படுகிறது. தூண்களும் விதானமும் தமிழகச் சிற்ப மரபில் அமைந்த அந்தப் பள்ளியில் இன்றும் ஐவேளையும் ஸஜ்தா நடைபெறுகிறது. துணியும் மிளகும் சங்கும் விற்ற பணம் தொழும் இடமாகவும் தமிழ்க் காப்பியமாகவும் மாறி நிற்கிறது.

நம் கடைவாசலில்

இப்போது அந்த இளைஞரின் கேள்விக்கு வருவோம். புளியங்குடிச் சந்தையில் எலுமிச்சை வாங்கி விற்பது ஹலாலான தொழிலே. மரத்திலிருந்து விழுந்த பழம் சில நாட்களில் வாடிவிடும். அதை வாங்கிச் சாக்கில் கட்டி, வாடகை கொடுத்து, வெளியூர் சேர்ப்பவர் விவசாயிக்கும் உண்பவருக்கும் உதவியே செய்கிறார். ஆயினும் சில வேலிகளை அவர் தாண்டக் கூடாது. சந்தை விலை தெரியாத விவசாயியை ஊருக்கு வெளியே மறித்து மலிவாக வாங்கக் கூடாது. வாங்கும் எண்ணமின்றி ஏலத்தில் விலையை ஏற்றிவிடக் கூடாது. தம் கைக்கு வந்து சேராத சரக்கை விற்கக் கூடாது. அழுகிய பழத்தை அடியில் வைத்து நல்லதை மேலே பரப்பக் கூடாது. இவை அனைத்தும் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாச் சந்தையில் கற்பித்தவை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெருநாளும் பொங்கலும் வரும்போது சென்னையிலிருந்து செங்கோட்டைக்கு வரும் பொதிகை இரயிலில் இடம் கிடைப்பது அரிதாகிறது. முன்கூட்டியே பல பெயர்களில் பயணச்சீட்டு எடுத்து வைத்து, ஊருக்கு வரத் துடிப்பவரிடம் கூடுதல் விலைக்கு விற்பவர்கள் உண்டு. அனுமதியின்றி இரயில் பயணச்சீட்டை வாங்கி விற்பதை வியாபாரமாகச் செய்வது 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றம். அதில் கடலைக் கடந்த உழைப்பும் இல்லை. எதையும் எங்கும் கொண்டு சேர்த்த பயனும் இல்லை. இருக்கும் இடத்தை அடைத்துக்கொண்டு, நோயுற்ற தாயைப் பார்க்க வருபவரின் அவசரத்தை விற்பது அது. கிராம்பு மரத்தை வெட்டியவர்களின் வழியே அன்றி, சீதக்காதியின் வழி அன்று.

வாங்கி விற்பவர் தம்மை ஒரே ஒரு கேள்வியால் அளந்துகொள்ளலாம். என் கையில் இந்தச் சரக்கு வந்ததால் அது தேவைப்பட்டவருக்கு அருகில் சென்றதா, தொலைவில் சென்றதா? அருகில் சென்றிருந்தால் அவர் பெற்ற இலாபத்தில் பரக்கத் உண்டு. தொலைவில் சென்றிருந்தால் அந்த இலாபம் மறுமையில் அவர் கழுத்தைச் சுற்றும் பாரமாகும் என்று அஞ்ச வேண்டும்.

ஜமாஅத் பெருமக்களே! நம்மிடையே கப்பல் உடையவர் எவரும் இல்லை. சிறு கடையும், மண்டியும், மிதிவண்டியில் துணி வியாபாரமும் செய்வோரே நாம். எனினும், ஊர் பசித்திருக்கும் ஒரு நாளில் கடைக் கதவைத் திறப்பதா அடைப்பதா என்ற சோதனை பெரிய வணிகருக்கு மட்டும் வருவதில்லை. அரிசி விலை ஏறும் ஒவ்வொரு ஆண்டும், தக்காளி அருகும் ஒவ்வொரு மாதமும், அது நம் கடைவாசலிலும் வந்து நிற்கிறது. அந்நாளில் கீழக்கரையில் திறந்த ஒரு கதவை நாம் நினைவில் வைத்திருப்போமாக.

யா அல்லாஹ்! வள்ளல் சீதக்காதி மரக்காயர் அவர்களின் கப்ரை ஒளிமயமாக்குவாயாக! எங்கள் வியாபாரத்தில் வாய்மையையும், எங்கள் அளவையில் நேர்மையையும், எங்கள் இலாபத்தில் பரக்கத்தையும், பஞ்ச காலத்தில் கை விரியும் உள்ளத்தையும் எங்களுக்குத் தந்தருள்வாயாக! ஆமீன்! ஆமீன்! யாரப்பல் ஆலமீன்!